குழந்தைகளின் கொலஸ்டிராலும் வீட்டு ஆகாரமும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

பள்ளிப் பருவத்துப் பிள்ளையின் ரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்திருப்பதாகப் பரிசோதனைத் தாள் சொன்ன மாத்திரத்தில், முதலில் முட்டையை நிறுத்திவிட்டுப் பிறகே வைத்தியரைத் தேடும் வழக்கம் பல குடும்பங்களில் காணப்படுவதால், இவ்விஷயத்தில் ஆகாரத்தின் பங்கு யாது என்பதைப் பற்றிக் குழந்தை மருத்துவர்களாகிய எங்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமை மொத்தக் கொலஸ்டிரால் எட்டினால் அது குழந்தைக்கு மிகையே. ஆயினும் மிகையெல்லாம் ஒரே காரணத்தால் விளைவதன்று. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு, எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து வாங்கி அகற்றும் திறன் பரம்பரையாகவே குன்றியிருக்கிறது. அத்தகைய பிள்ளைக்குப் பத்தியம் உதவும். பத்தியம் மட்டும் போதாது. ஆகையால், தந்தைவழியிலோ தாய்வழியிலோ இளவயதிலேயே மாரடைப்புக் கண்ட குடும்பத்துப் பிள்ளைகளைக் காலத்தில் பரிசோதிக்க வேண்டுமென்றும், வைத்தியர் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்து அவசியமென்று நிர்ணயித்தால் பெற்றோர் அஞ்சி மறுக்கலாகாதென்றும் சொல்லுகிறோம். பிறவிக் குறைக்காகத் தாயின் சமையலைக் குற்றஞ்சாட்டுவது வைத்தியமும் அன்று, நியாயமும் அன்று.

மற்றப் பிள்ளைகளிடத்தில் ஆகாரமும் உடற்பருமனுமே பெரும்பாலும் காரணம். அங்கும் முட்டையைப் பிரதான எதிரியாகக் கொள்வது பிசகு; ரத்தக் கொலஸ்டிராலை அதிகம் உயர்த்துவது, உண்ணும் கொலஸ்டிராலைக் காட்டிலும், வனஸ்பதியிலும் பாமாயிலிலும் செய்த பப்ஸ், பிஸ்கட், பொரித்த பாக்கெட் தீனி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்புமே. சத்துணவு முட்டையைக் கொலஸ்டிராலைக் காரணம் காட்டி ஆரோக்கியமான பிள்ளைக்கு மறுக்கத் தேவையில்லை. இரண்டு வயது நிரம்பாத சிசுவுக்கோ, மூளை வளரும் காலமாதலால், பெற்றோர் தாமாகவே பாலின் கொழுப்பைக் குறைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

பின்லாந்து தேசத்துத் துர்க்கு நகரில் 1990-களின் தொடக்கத்தில், ஏழு மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஆகார ஆலோசனை கூறத் தொடங்கி, அப்பிள்ளைகள் இருபது வயதை எட்டும் வரை தொடர்ந்து நடத்திய ஆராய்ச்சியில், வளர்ச்சிக்குப் பங்கமின்றியே எல்.டி.எல். குறைந்திருக்கக் கண்டார்கள். பெற்றோருக்கே ஆலோசனை கூறிப் பெற்ற பலன் இது; எனவே, பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வைத்து, அண்ணன் எதிரே சிப்ஸ் தின்ன அனுமதிக்கும் பத்தியத்தில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. தானியமும் பருப்பும் கீரையும் கனியும் குடும்பம் முழுமைக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

பள்ளியிலும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் செய்த விதியை ஏட்டளவில் நிறுத்தாமல், பள்ளி வாசலிலேயே அமல் நடத்தும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.