கௌரியும் கெளரியும்: தமிழ் முகவரிக்கு ஒரே விதி எப்போது?

பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரியின் சிறு விவசாயிகள் 2023-ல் போராடினார்கள். குன்னூர் ஏலத்தை மட்டும் நம்பியிராமல், தேயிலையை நேரே வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்ப நினைக்கும் ஒருவருக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரில் ஓர் இணைய முகவரியும் வேண்டும். கோத்தகிரி விவசாயி ஒருவர் தன் சரக்குக்குக் ‘கௌரி தேயிலை’ என்று பெயர் வைத்து, தமிழிலேயே முகவரி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் பின் ‘இந்தியா’ என்று தமிழில் முடியும் முகவரி இன்று உண்டு.

இது எளிதில் கிடைத்த உரிமை அல்ல. உலக இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பில், நாட்டுக்குறியீட்டு முகவரிகளை நிர்வகிப்போருக்கென 2004-ல் தனி அவை அமைந்தது. லத்தீன் எழுத்தில்லாத நாடுகள் தங்கள் எழுத்திலேயே நாட்டின் பெயரைப் பெறுவது எப்படி என்று அந்த அவையும் அரசுகளின் பிரதிநிதிகளும் கூடிப் பேசி ஒரு வழிமுறையை வகுத்தார்கள். 2009 அக்டோபரில் ஐகானின் சியோல் கூட்டத்தில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 2010 மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் முதலில் வந்தன. அதே ஆண்டில் ‘இலங்கை’ வந்தது. 2011-ல் ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே மேலும் இரண்டு.

வடிகட்டல் கடுமையாகவே இருந்தது. சிரிலிக் எழுத்தில் பல்கேரியா கேட்ட பெயர், பிரேசிலின் குறியீட்டைப்போல் தெரிகிறது என்று 2010-ல் திருப்பி அனுப்பப்பட்டது. மறுபரிசீலனைக்குப் பின் 2014-ல்தான் அது ஏற்கப்பட்டது. இரண்டே எழுத்துக்கு நான்கு ஆண்டு!

ஆனால் இந்த எச்சரிக்கையெல்லாம் நாட்டின் பெயரோடு நின்றுவிடுகிறது. புள்ளிக்கு முன்னால் எதை அனுமதிப்பது என்பதை இந்தியாவுக்கு நிக்ஸி, இலங்கைக்கு எல்கே டொமைன் பதிவகம், சிங்கப்பூருக்கு எஸ்ஜிநிக் என்று அவரவரே முடிவுசெய்கிறார்கள். இந்தத் தன்னாட்சி தேவைதான். கலிபோர்னியாவில் பதிவான ஓர் அமைப்பு நம் ஊர்ப் பெயர்களுக்குச் சட்டம் போட வேண்டியதில்லை. ஆனால் தமிழ் மூன்று நாடுகளின் முகவரிகளில் இருப்பதால்தான் சிக்கல்.

‘கௌரி’ என்பதில் ககரத்தோடு சேர்வது ஔகாரக் குறி, கணினிக்கு அது ஒரே குறியீடு. ‘கெளரி’ என்று ஒற்றைக் கொம்பு போட்டு ளகரம் அடித்தால் கண்ணுக்கு அதே சொல், கணினிக்கோ வேறு சொல். தட்டச்சுப் பழக்கத்தால் ஏராளமானோர் இரண்டாவது வகையில்தான் அடிக்கிறார்கள். ‘ஸ்ரீ’ கதையும் இதுதான்: இருவேறு குறியீட்டு வரிசைகள், பல எழுத்துருக்களில் ஒரே தோற்றம். கோத்தகிரிக்காரர் ஒன்றை வாங்க, மோசடிக்காரர் இன்னொன்றை வாங்கினால், பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு எது அசல் கடை என்று எப்படித் தெரியும்?

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க, தமிழ் உட்பட ஒன்பது எழுத்துமுறைகளுக்கு ஐகானின் நியோ-பிராமி குழு விதிகளை வகுத்தது. தமிழ் விதிகள் 2019-ல் வெளியாயின. ஆனால் அவை இணையத்தின் மேல்மட்டப் பெயர்களுக்கானவை. ஒரு நாட்டில் தடுக்கப்படும் ஒத்த தோற்றமுள்ள பெயர் இன்னொரு நாட்டிலும் தடுக்கப்பட வேண்டும் என்று உலகப் பொதுவிதி எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை.

இந்த இடத்தில் கிழக்காசியாவைப் பார்க்க வேண்டும். சீனா, தைவான், ஜப்பான், தென்கொரியா ஆகிய நான்கு இடங்களின் இணையப் பெயர் அமைப்புகளும் சேர்ந்து, பொதுவாகப் புழங்கும் சீன எழுத்துகளின் மாற்றுவடிவங்களை எப்படிக் கையாள்வது என்ற வழிகாட்டியை 2004 ஏப்ரலில் வெளியிட்டன. பெய்ஜிங்குக்கும் தைபேவுக்கும் இடையிலான அரசியல் பகை ஊரறிந்தது. எழுத்து என்று வந்தபோது, அந்தப் பகையை ஒதுக்கிவைத்துப் பொறியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

சென்னைக்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. மூன்று பதிவகங்களும் ஒரே தமிழ் எழுத்துப் பட்டியலை ஒப்புக்கொண்டு பொதுவில் வெளியிட வேண்டும்; தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் அதற்கு வரைவு எழுதித் தரலாம். அந்தப் பட்டியலின்படி, ‘கௌரி’யை வாங்கியவருக்கே ‘கெளரி’யும் தனிக் கட்டணமின்றிப் பூட்டிவைக்கப்பட வேண்டும்.