கடல் கடக்கும் வீட்டுப் பொருள்கள்



ஆஸ்திரேலியாவில் குடியேற ஆயத்தமான ஒரு குடும்பத்தாரைக் காண அண்மையில் சென்றிருந்தோம். கூடமெங்கும் அட்டைப் பெட்டிகள். கணவர் தேக்கு அலமாரியை அளந்துகொண்டிருந்தார். மனைவியோ அதை விட்டுச் செல்ல இசையவில்லை. இங்கேயே தங்கவிருக்கும் முதிய தாயார், மூலையில் வாய் திறவாது அமர்ந்திருந்தார்.

கப்பலில் வீட்டுப் பொருள்களை அனுப்புங்கால், கட்டணம் பெரும்பாலும் எடையைக் கொண்டன்று. அவை அடைக்கும் இடத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 20 அடிக் கொள்கலன் ஏறத்தாழ 33 கனமீட்டர் கொள்ளும். ஆளுயர அலமாரி ஒன்றே ஏறத்தாழ 2 கனமீட்டரை விழுங்கிவிடும். குறைந்த பொருளுடையோர் பிறரோடு கொள்கலனைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அது நிரம்பும்வரை காத்திருக்க நேரும்.

ஓராண்டேனும் நமக்குச் சொந்தமாயிருந்து, நாம் பயன்படுத்திய பொருள்களுக்கு ஆஸ்திரேலியாவில் சுங்கவரி இல்லை. எனவே பயணத்திற்கென்றே புதியன வாங்கிக் குவித்தல் அறிவுடைமையாகாது. பெட்டிதோறும் எண்ணிட்டு, உள்ளிருப்பவற்றைப் பட்டியலிடுக. கல்விச் சான்றுகளும் திருமுழுக்கு, திருமணச் சான்றுகளும் கையோடு செல்லட்டும், பெட்டியில் வேண்டாம்.

மரம், ஓலை, விதை, மண் ஒட்டிய காலணி ஆகியவற்றை அந்நாட்டார் கூர்ந்து சோதிக்கின்றனர். காரணம் உண்டு. மரப்பெட்டிகளில் ஒளிந்து சென்ற ஆசிய வண்டினம் ஒன்று, 1996-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. அதனை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. ஆகவே 2002-இல் வகுக்கப்பட்ட உலக விதிப்படி, பொருள்களை அடைக்கும் மரச்சட்டங்களை உட்புறம்வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றுதல் முதலிய முறைகளால் தூய்மைசெய்து, முத்திரையிடல் வேண்டும். நாம் மந்திரித்துத் தரும் குருத்தோலையாயினும் மறைக்கலாகாது, அறிவித்தே கொண்டுசெல்க.

காப்பீட்டையும் புறக்கணியாதீர். 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டி, ஆறு நாள் வழியடைத்து நின்றது. கப்பலை மீட்ட செலவில் சரக்குடையோரும் பங்கேற்க வேண்டுமென அதன் உரிமையாளர் அறிவித்தார். தொன்றுதொட்டு வரும் கடல் வழக்கம் அது. காப்பீடு இல்லாதோர் ஈட்டுத்தொகை கட்டிய பின்னரே இத்தகைய வேளைகளில் தம் பொருளைப் பெற முடியும்.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைத்து முடித்தபோது, அத்தாயார் மெல்லக் கூறினார்: "சாமி, அலமாரி இங்கேயே இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் துணி வைக்க இடம் வேண்டாமா?"

கணவர் அளவுநாடாவைச் சுருட்டினார். மனைவி மாமியார் அருகே சென்று அமர்ந்தார்.

வெளிநாடு செல்வோரே, எடுத்துச் செல்லும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதுமுன், பின்தங்குவோருக்காக ஒரு பட்டியல் எழுதுங்கள். இரவில் துணை யார்? மருந்து வாங்கித் தருவோர் யார்? மாதச் செலவுக்கு வழி என்ன? முதன்முறை திரும்பி வரும் நாள் எது? அந்நாளை நாட்காட்டியில் குறித்து, அவர்கள் கண்ணில் படுமாறு மாட்டிவிட்டுப் புறப்படுங்கள்.