நைனா வீட்டில் இருக்கிறார்



ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை மொத்தம் 61 நாள் அவை கடலுக்குள் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்று 2001-ல் தொடங்கிய ஏற்பாடு. முதலில் 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 ஆக்கினார்கள். இந்த நாட்களில் மீனுக்கு என்ன ஆகிறது என்பதை மீன்வளத் துறை பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு என்ன ஆகிறது என்று நாம் கொஞ்சம் பேசலாமே!

விசைப்படகுக்காரருக்குக் கடல் என்பது காலையில் போய் மாலையில் திரும்புகிற ஆபீஸ் இல்லை. ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால் பல நாள் அங்கேயே தங்கல்தான். கரைக்கு வந்தாலும் ஏலம், கணக்கு, அரைத் தூக்கம், மறுபடி கடல். வருஷத்தில் பத்து மாதம் விருந்தாளி மாதிரி வந்து போகிற மனுஷன், ஒரு நாள் விடிந்ததும் வீட்டிலேயே இருக்கிறார். மறுநாளும் இருக்கிறார். அதற்கு மறுநாளும் இருக்கிறார்.

முதல் வாரம் ராஜ உபசாரம். கேட்டதெல்லாம் தட்டுக்கு வரும். இரண்டாவது வாரம் அவர் கண்ணில் வீடு பட ஆரம்பிக்கும். “பட்டப் பகல்ல எதுக்கு டியூப்லைட் எரியுது?” “மிக்ஸிய இங்கயா வெப்பாங்க? தண்ணி தெறிக்காது?” “பாப்பா எந்நேரமும் போனையே பாத்துக்னு கீறா. நீ ஒன்னியும் கேக்க மாட்டியா?” மூன்றாவது வாரம் அரிசி டப்பா இடம் மாறிவிடும். படகில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் உண்டு. அலையில் உருளக் கூடாது, இருட்டில் கை வைத்தால் கிடைக்க வேண்டும். அந்தக் கண்ணோடு சமையல் கட்டைப் பார்த்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். அவர் மேலும் குற்றமில்லை.

அம்மாக்கள் பாடுதான் திண்டாட்டம். கடலில் இருந்தால் பயம், வீட்டில் இருந்தால் வேலை. மழைக் காலத்தில் படகு வரத் தாமதமானால் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுகிற அதே ஆள்தான், மே மாதக் கடைசியில் “எப்பத்தான் கடலுக்குப் போவ?” என்று கேட்பது. இரண்டும் உண்மைதான். இரண்டும் ஒரே பாசத்திலிருந்து வருவது என்று நான் நினைக்கிறேன். நேரில் சொல்லிப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

பண விஷயத்தை மறைத்துவிட்டுச் சிரிக்க முடியாது. தடைக்காலத்துக்கு அரசு தருகிற நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதம் ஒரு குடும்பம் நடத்த அது எந்த மூலைக்கு? அதனால் பலர் தடை இல்லாத ஃபைபர் படகில் கூலிக்குப் போவார்கள், கட்டட வேலைக்குப் போவார்கள். படகு வைத்திருப்பவருக்கோ செலவு இப்போதுதான் தொடங்கும். படகைக் கரையேற்றிப் பலகை மாற்ற வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், இன்ஜினைப் பிரித்து மாட்ட வேண்டும். ஊருக்குத்தான் இது லீவு.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் முழு ஆண்டு லீவும் அப்பாவின் லீவும் சேர்ந்து வருகிற வீடு சென்னையில் வேறு எங்கே இருக்கிறது? ஐ.டி. கம்பெனிக்காரர் நான்கு நாள் லீவுக்கு மெயில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். காசிமேட்டுப் பையனோ மே மாதம் முழுக்க அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை பார்க்கிறான். பார்க்க வேண்டிய காட்சிதான். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். கிழிசலைக் கண்டுபிடித்ததும் தைக்க மாட்டார், கத்தியை எடுத்துக் கிழிசலைச் சுற்றி இன்னும் பெரிதாக வெட்டுவார். அறுந்த நூலெல்லாம் போய் ஓரம் சீராக இருந்தால்தான் புதுக் கண் சரியாக விழும். பையனுக்கு இது புரியாது. நைனா வலையைப் பாழாக்குகிறார் என்று உள்ளே ஓடிப் போய் அம்மாவிடம் சொல்லுவான். நைலான் நூல் சுற்றிய ஊசி உள்ளே போய் வெளியே வந்து, ஒவ்வொரு கண்ணாக முடிச்சு விழுந்து, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் போகிறபோது அவன் அங்கே இருக்க மாட்டான். கிரிக்கெட் ஆடப் போயிருப்பான்.

வீட்டுக்காரர் ஊரில் தங்குவாரா என்ற கவலை இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. திருவொற்றியூர்க் கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியார் கதை நமக்குத் தெரிந்ததுதானே! சுந்தரர் பெண் கேட்கிறார். அவருக்குத் திருவாரூரில் பரவையார் இருக்கிறார் என்பது ஊரறிந்த விஷயம். ‘உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்’ என்பதுதான் நிபந்தனை. மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? ‘நான் சன்னதியில் சத்தியம் செய்கிற நேரம் நீங்கள் போய் மகிழ மரத்தடியில் இருங்கள்’ என்று சிவபெருமானிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு, நேராகச் சங்கிலியார் கனவில் போய், ‘சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள்’ என்று சொல்லிவிடுகிறார். தோழன் என்று நம்பியவர் பெண் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டார்! அப்புறம் வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு வந்தது, சுந்தரர் கிளம்பினார், ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. சேக்கிழார் இதைப் பக்தியோடு சொல்கிறார். திருவொற்றியூர்ப் பெண்கள் இதை வேறு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்க வருகிற கூட்டத்தில் புருஷன்மார்கள் கொஞ்சம் பின்வரிசையில் நிற்பதற்குக் காரணம் கூட்டமாகவும் இருக்கலாம்.

கோயிலைத் தாண்டி வடக்கே போனால் கடல் போய்க் கம்பெனி வந்துவிடும். 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தது திருவொற்றியூரில்தான். அதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, 1955-ல் அது அசோக் லேலண்ட். புல்லட் வண்டிக்கு நம் ஊர்தான் பிறந்த வீடு என்று திருவொற்றியூர்க்காரர் மார்தட்டுவார். இங்கிலாந்துக்காரர் கேட்டால் சண்டைக்கு வருவார். தீப்பெட்டி செய்த விம்கோ இன்று ஒரு மெட்ரோ ஸ்டேஷன் பெயராக நிற்கிறது.

இந்தப் பக்கத்து வீடுகளில் அப்பா பத்து நாள் காணாமல் போக மாட்டார். தினமும் வருவார், ஆனால் எந்த வேளைக்கு என்பதுதான் கேள்வி. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகல் முழுக்க வீடே கிசுகிசுக்கும். குக்கர் மட்டும் யார் பேச்சையும் கேட்காது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ‘அப்பா நைட், அண்ணன் ஜெனரல், அக்கா செகண்ட்’ என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பார்கள். யார் எப்போது தூங்குவார், யாருக்கு எப்போது சோறு வடிக்க வேண்டும், பாத்ரூம் எப்போது காலி என்பதெல்லாம் அதில் அடக்கம். இப்போது அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரியில் போன் எடுக்கும் மகள் அந்த நைட் ஷிஃப்டை வாங்கிக்கொண்டாள். ஃபிரிட்ஜ் மாறியது, தாள் அதே இடத்தில்.

ரிட்டயர் ஆனவர்கள் கதை தனி. என் பெரியப்பா வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் நாலரைக்கு எழுந்து, குளித்து, பேன்ட் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவார். பதினொன்றரை ஆனால் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். கேன்டீன் திறக்கிற நேரமாம். பெரியம்மா சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கம்பெனி வழிக்கே வந்துவிட்டார். “இன்னும் சங்கு ஊதல, மூணு விசில் வரட்டும், அப்புறம் வாங்க” என்பார். பெரியப்பா மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் பேப்பரைப் பிரிப்பார். சங்குக்கு அவர் என்றைக்குமே கட்டுப்பட்டவர்.

நேரம் என்று பேச்சு வந்தால் ராயபுரத்தை விட்டுவிட முடியுமா? 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஊருக்கு ஒரு நேரம் என்று இருந்தால் ரயில் ஓட்ட முடியாது என்பதால், பிறகு நாடு முழுக்க ரயில்வேக்கு மெட்ராஸ் நேரத்தையே வைத்துக்கொண்டார்கள். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் மெட்ராஸ் இருந்தது வசதியாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்திய நேரம் வந்தபோது நம் கடிகாரத்தைச் சுமார் 9 நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அந்த 9 நிமிடம் இன்னும் நம் கைக்கு வந்து சேரவில்லை. எங்கள் அலுவலகத்துக்குக் கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற தம்பி ஒருவர், “கேட்டு போட்டுட்டான் சார்” என்று சொல்லிவிட்டு உட்காருவது ஏறத்தாழ அந்தக் கணக்கில்தான். நான் ஒன்றும் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தையே கடைசி நாள் ராத்திரி, அச்சகத்திலிருந்து மூன்றாவது போன் வந்த பிறகு எழுதுகிற ஆள் என்ன சொல்ல முடியும்?

அடுத்த இதழில் உங்கள் வீட்டு ஷிஃப்ட் கதைகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். யார் எப்போது வருவார், யாருக்காக யார் விழித்திருந்தார், ரிட்டயர் ஆன அப்பா எந்த டப்பாவை எங்கே மாற்றி வைத்தார் என்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாலும் போடுவோம். கையெழுத்து மட்டும் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்