செதுக்காமல் விட்டதே கோடு

ஓவியக் கண்காட்சிகளில் சில படங்களின் அடியில் பென்சிலால் 5/25 என்பது போன்ற ஓர் எண் எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் பலர், "இது அசல் இல்லை, பிரதி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரிதானா என்று சொல்ல, மரப்பலகையிலிருந்து ஒரு படம் எப்படிப் பிறக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதை விளக்க ஜரீனா ஹஷ்மியின் வாழ்க்கையும் வேலையும் நமக்குப் பெரிதும் உதவும். 1937இல் அலிகாரில் பிறந்த இந்தியக் கலைஞர் இவர். 2020இல் லண்டனில் காலமானார். கலையுலகில் ஜரீனா என்ற பெயரை மட்டுமே பயன்படுத்தினார்.

முதலில் தொழில்நுட்பம். மரச்செதுக்கு அச்சு, புடைப்பு அச்சு வகையைச் சேர்ந்தது. பலகையில் மேடாக நிற்கும் பகுதி மட்டும் மையை வாங்கித் தாளில் பதிவதைப் புடைப்பு அச்சு என்கிறோம். கலைஞர் பலகையில் படத்தை வரைகிறார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களை உளியால் செதுக்கி எடுக்கிறார். மிஞ்சிய மேட்டில் ரோலரால் மை தடவுகிறார். அதன்மேல் தாளை விரித்துக் கையாலோ இயந்திரத்தாலோ அழுத்துகிறார். தாளை உரித்தெடுத்தால் படம் அதில் பதிந்திருக்கும்.

மான்ட்ரியலின் செயின்ட்-மிஷேலில் வசிப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிரான்கோன் சுண்ணாம்புக்கல் குவாரி நம் பகுதியில் பெரும் பள்ளமாகக் கிடக்கிறது. நகரத் தெருக்களில் அள்ளும் பனியைக் குளிர்காலத்தில் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். பள்ளத்தைச் சுற்றியுள்ள தெருக்களும் வீடுகளும் மேல்மட்டத்தில் இருக்கின்றன. இந்தப் பகுதியை ஒரு மரப்பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மை உருட்டித் தாளை வைத்தால் தெருக்கள் கறுப்பாகப் பதியும். குவாரி இருக்கும் இடம் வெள்ளையாக நிற்கும்.

இந்த முறையின் இயல்பிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, செதுக்கி எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. தூரிகைக்காரர் தவறின் மேல் இன்னொரு பூச்சுப் பூசலாம். உளிக்காரருக்கு அந்த வசதி குறைவு. அதனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று உளியை வைக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, பலகையில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். தாளில் 'க' என்று நேராக வர வேண்டுமானால், பலகையில் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். கலைஞர் ஒரே பலகையிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் தாள்களை எடுக்கிறார். அந்தத் தொகுதிக்குப் பதிப்பு என்று பெயர். 5/25 என்றால், 25 தாள்கள் கொண்ட பதிப்பில் இது 5ஆம் எண் உடையது என்று பொருள். ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் புதிதாக மை ஏற்ற வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் பலகையின் குறுக்கே கீறி, மீண்டும் பயன்படாதபடி செய்துவிடும் வழக்கமும் உண்டு.

பிரதி என்றால் அதற்கு முந்திய ஓர் அசல் இருக்க வேண்டும். தைலவண்ண ஓவியத்தைப் புகைப்படம் எடுத்துச் சுவரொட்டியாக அச்சிட்டால் அது பிரதி. மரச்செதுக்கில் அப்படி முந்திய அசல் எதுவும் இல்லை. பலகை ஒரு கருவிதான். படம் முதன்முதலில் தோன்றுவதே தாளில்தான். ஆகவே அந்த 25 தாள்களும் அசல்களே.

இன்னொரு கேள்வியும் எழும். செதுக்கியவர் யார்? பழைய ஜப்பானிய மர அச்சில் ஒருவர் வரைவார், இன்னொருவர் செதுக்குவார், வேறொருவர் அச்சிடுவார். பதிப்பாளர் எல்லோரையும் ஒருங்கிணைப்பார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கலைஞர்கள் சிலர் இந்தப் பிரிவினையை விட்டு, மூன்றையும் தாமே செய்யத் தொடங்கினர். இன்று உலகெங்கும் மரச்செதுக்குக் கலைஞர்கள் பலர் அந்த வழியில்தான் போகிறார்கள்.

இனி ஜரீனாவுக்கு வருவோம். 1958இல் அவர் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம் பெற்றார். அவருடைய அப்பா அங்கே வரலாற்றுப் பேராசிரியர். திருமணம் ஆனது ஒரு தூதரக அதிகாரியுடன். அதனால் வாழ்க்கை ஊர் ஊராக நகர்ந்தது. மர அச்சில் அவருக்கு முதல் பழக்கம் பாங்காக்கில் ஏற்பட்டது. 1960களில் பாரிஸில், ஸ்டான்லி வில்லியம் ஹேய்டரின் 'அத்தெலியே 17' பட்டறையில் உலோகத் தகட்டு அச்சைக் கற்றார். 1974இல் டோக்கியோ சென்று தோஷி யோஷிதாவிடம் ஜப்பானிய மர அச்சு முறையைப் பயின்றார். 1970களின் நடுவில் நியூயார்க்கில் குடியேறி, பல பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். இதற்கிடையே 1959இல் அவருடைய பெற்றோர் கராச்சிக்குப் போய்விட்டார்கள். திரும்பிப் போக அலிகாரில் வீடு இல்லாமல் ஆயிற்று.

பாரிஸுக்கும் டோக்கியோவுக்கும் இடையே டெல்லியில் இருந்த காலத்தில் அவர் செய்த சில அச்சுகளில் மரத் துண்டுகளே பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டு மை ஏற்றப்பட்டிருக்கின்றன. மரத்தின் வரியோட்டமே அங்கே படம். அவருடைய சிக்கனம் அப்போதே தெரிகிறது.

1999இல் வந்த 'வீடு ஓர் அந்நிய இடம்' 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட தொகுப்பு. ஒவ்வொரு தாளிலும் ஓர் உருதுச் சொல்லும் அதற்கு இணையான ஒரு வடிவமும் இருக்கும். வீடு, வாசல், முற்றம் போன்ற சொற்கள். சொல் முதலில் வந்தது, வடிவம் அதைத் தொடர்ந்தது. வீட்டுக்கு அவர் தந்த வடிவம் ஒரு தரைப்படம், அதாவது மேலிருந்து பார்த்த சுவர்களின் கோடுகள். கறுப்பு மையில் கோசோ என்ற மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்சிட்டு, அதைத் தடித்த தாளில் ஒட்டியிருக்கிறார். கணிதம் படித்தவரின் கை அந்தக் கோடுகளில் தெரிகிறது.

2001இல் செய்த 'பிரிக்கும் கோடு' ஒரே ஒரு தாள். 1947இல் பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப் சில வாரங்களுக்குள் வகுத்த இந்திய-பாகிஸ்தான் எல்லைதான் அதன் பொருள். பிரிவினையின்போது ஜரீனாவுக்கு வயது பத்து. தாளின் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு வளைந்து இறங்குகிறது. அதை அவர் கீறி உண்டாக்கவில்லை. கோட்டின் இரு பக்கமும் இருந்த மரத்தைச் செதுக்கி அகற்றினார். எஞ்சியது கோடானது. கிட்டப் போய்ப் பார்த்தால் இருபுறமும் சிறுசிறு கறுப்புக் கீற்றுகள் சிதறியிருப்பது தெரியும். உளி முழுதாக எடுக்காமல் விட்ட மரம் மையை வாங்கியதால் வந்தவை அவை. அவர் அவற்றைத் துடைத்துச் சுத்தமாக்கவில்லை. எல்லைக்கோடு என்பது இருபக்கத்து நிலத்தையும் குடைந்தெடுத்த பின் நிற்பது என்ற கருத்தை, செய்முறையே சொல்லிவிடுகிறது.

2004இல் வந்தது 'வீட்டிலிருந்து கடிதங்கள்'. பாகிஸ்தானில் வாழ்ந்த அக்கா ராணி தங்கைக்கு உருதுவில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்களே அடிப்படை. பெற்றோரின் மறைவு, வீட்டை விற்றது போன்ற செய்திகள் அவற்றில் இருந்தன. கையெழுத்தை உலோகத் தகட்டிலும், தரைப்படங்களையும் வரைபடங்களையும் மரத்திலும் அமைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டார். மொத்தம் 8 தாள்கள்.

2011இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் இந்தியா முதன்முதலாக அமைத்த தேசிய அரங்கில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. 2013இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் வேலையைக் காட்சிக்கு வைத்தது. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது.

ஜரீனா நம் மொழிக்காரர் அல்லர். அவர் இழந்த வீடும் நாம் விட்டுவந்த வீடுகளும் வேறு வேறு. இருந்தாலும் ஊர்விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் கதையாகச் சொல்லும் ஒன்றை, அவர் அளவெடுத்த கோடுகளாகச் சொன்னார். அந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம். வார இறுதித் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் மரத்தைவிட மென்மையான லினோலியத்தில் தம் வீட்டின் தரைப்படத்தையும் அதன் அருகே ஒரு தமிழ்ச் சொல்லையும் செதுக்கிப் பார்க்கலாம். எழுத்தைத் திருப்பிச் செதுக்க அதன் ஒவ்வொரு வளைவையும் உற்றுக் கவனிக்க வேண்டியிருக்கும். அவர்கள் ஓவியர் ஆக வேண்டியதில்லை. ஒரு சொல்லை அவ்வளவு நேரம் பார்த்திருப்பதே நல்ல பாடம்.