தறிக்கு மேலே ஒரு கணக்கு



"அறைக்குள் இத்தனை டிகிரி, வெளியே இத்தனை டிகிரி. செங்கல் சுவர் வழியே அறை இழக்கும் வெப்பம் எவ்வளவு?" இந்தக் கணக்கைப் போட்டு, மதிப்பெண் வாங்கி, மறந்தும் இருப்பீர்கள். மறந்ததில் வியப்பில்லை, அது குளிர் நாட்டாரின் கவலை. வெப்பம் வெளியே போகாமல் காப்பது அவர்கள் பாடு. உள்ளே வராமல் தடுப்பது நம் பாடு. சூத்திரம் ஒன்றே, வெப்பம் பாயும் திசைதான் வேறு.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். இங்கே நெசவாளியின் வீடுதான் தொழிற்கூடம். குழித்தறியில் உட்கார்ந்தால் நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ்தான். நெய்தால்தான் கூலி. சித்திரை வெயிலில் பிற்பகலில் தறி நின்றால் சேலை முடிய நாளாகும், கூலியும் தள்ளிப்போகும்.

பழைய ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறியது. ஆனால் மழைக்கு ஒழுகும். குரங்குகள் ஓட்டைக் கலைத்துவிடும். ஆகவே கான்கிரீட் தளம் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கணக்குப் பார்க்காமல் போடுவதைத்தான் சொல்கிறேன்.

பார்ப்போமா? தளத்தின் பரப்பு 10 சதுர மீட்டர். தடிமன் 10 செ.மீ., அதாவது 0.1 மீட்டர். கான்கிரீட்டின் வெப்பக் கடத்துத்திறன், மீட்டர்-டிகிரிக்குச் சுமார் 1.6 வாட். மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் வேறுபாடு 10 டிகிரி என்று கொள்வோம்.

1.6 × 10 × 10 ÷ 0.1 = 1600 வாட்.

தலைக்கு மேல் ஒரு மின்அடுப்பு எரிவது போல!

இதன்மேல் 10 செ.மீ. சுண்ணாம்பு, செங்கல் ஜல்லிக் கலவை பரப்பினால்? அதன் கடத்துத்திறன் சுமார் 0.7. தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். இரண்டு அடுக்குகளின் தடையையும் கூட்டினால் 0.205. அதே வேறுபாட்டுக்குப் பாயும் வெப்பம் சுமார் 490 வாட்; மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உண்மையில் பரப்புகளின் வெப்பநிலை பொழுதுக்குப் பொழுது மாறும். ஆனாலும் எந்தக் கூரை மேல் என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது. மேலே வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். தளம் சூடேறுவதே குறையும்.

2018-இல் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பு, வீட்டுக் கூரை வழியே வரும் வெப்பத்துக்கு வரம்பு விதித்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே. சின்னஞ்சிறு தறி வீட்டுக்குக் கணக்குப் பார்ப்பவர் யார்?

நீங்கள்தான்! உங்கள் தெருவில் அடுத்த தளம் போடுமுன் கொத்தனாரிடம் தடிமனைக் கேளுங்கள். கணக்கைப் போட்டு வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். தேர்வுக்காக மட்டும் போடும் கணக்கு பாதிக் கணக்கே என்பது என் கருத்து.