பொதியின்மேல் தமிழ் எங்கே?

விலை கொடுப்பவன் தமிழன். அவன் வாங்கும் பொதியின்மேல் உள்ள எழுத்தோ அவன் மொழியில் இல்லை. இம்முரண் நீங்காத வரை நுகர்வோர் பாதுகாப்பு என்பது ஏட்டுச் சுரைக்காயே.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 திசம்பர் 24ஆம் நாள் ஒப்புதல் பெற்றது. அதற்கு மாற்றாக 2019இல் இயற்றப்பட்ட புதுச்சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளின் தரம், அளவு, ஆற்றல், தூய்மை, விலை ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை அச்சட்டம் நுகர்வோர்க்கு வழங்குகிறது. நல்ல சொற்கள்தாம். ஆனால், அறிவிக்கும் மொழி எது என்பதில்தான் நடுவண் அரசின் உள்ளம் வெளிப்படுகிறது. பொதியிட்ட பண்டங்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளும், உணவுப் பொதிகளுக்கான 2020ஆம் ஆண்டின் விதிகளும், பொதியின்மேல் கட்டாயம் இருக்க வேண்டிய செய்திகளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டாற் போதும் என்கின்றன. பிற மொழிகளைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம்! தடையின்மை வேறு, கட்டாயம் வேறு. இந்திக்குக் கதவு சட்டத்தால் திறந்திருக்கிறது. தமிழுக்கோ வணிகன் மனம் வைத்தால் திண்ணையில் இடம்.

இதன் கொடுமையைப் புதுக்கோட்டை மாவட்டம் நன்கு உணரும். 1991இல் அறிவொளி இயக்கம் அம்மண்ணில் எழுந்தது. கல்லுடைக்கும் பெண்டிரும் களையெடுக்கும் பெண்டிரும் பகலெல்லாம் உழைத்து, இரவில் விளக்கொளியில் அகரம் எழுதினர். மிதிவண்டி ஓட்டப் பழகி ஊர் ஊராய்ச் சென்றனர். உலகமே அவர்களை வியந்து நோக்கிற்று. கூலிக் கணக்கைத் தாமே படித்துக் கேள்வி கேட்கும் துணிவை அவ்வெழுத்து அவர்க்குத் தந்தது. அத்தாய்மாருள் ஒருவர் இன்று ஆலங்குடிக் கடைவீதியில் பேரக்குழந்தைக்கு மாவுப்பொதி ஒன்று வாங்குவதாகக் கொள்வோம். செய்த நாள் எது, கெடும் நாள் எது, உள்ளீடு எவை என அவர் தேடுகிறார். எழுத்துக் கற்றவர்தாம், ஆயினும் அப்பொதியின் முன் மீண்டும் எழுத்தறியாதவராய் நிற்கிறார். அவர் அரும்பாடுபட்டுப் பெற்ற கல்வியை ஒரு விதி வறிதாக்கிவிடுகிறது.

அத்தனை மொழிகளிலும் அச்சிடுவது இயலுமா என்று கேட்பாருளர். இயலும். அதற்குச் சான்றும் அவ்வரசின் ஏட்டிலேயே உள்ளது. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், அந்நஞ்சு விற்கப்படும் பகுதியின் மொழியிலும் செய்திகள் அச்சிடப்பட வேண்டும் எனப் பணிக்கின்றன. பயிருக்குத் தெளிக்கும் நஞ்சுக்கு இயல்வது, குழந்தை உண்ணும் உணவுக்கு மட்டும் இயலாதா? இயலாமை அன்று, எண்ணாமை.

தமிழர்க்கு இது புதுவழக்கும் அன்று. புகார் நகரின் பொதிகளின்மேல் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. புதுக்கோட்டைக்கு அணித்தாகிய நார்த்தாமலை, சோழர் காலத்தில் வணிகர் குழு வீற்றிருந்த நகரம். அவ்வளவு பழைய வணிக மரபினர்க்குத் தம் பண்டத்தின் பெயரைத் தம் மொழியில் எழுதுக எனப் பிறர் சொல்ல வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

விதியை மாற்றப் போராடும் அதே வேளையில், கையில் உள்ள கருவியைத் துருப்பிடிக்க விடலாகாது. ஏமாற்றப்பட்டவர் ஈராண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளை எங்கு வாங்கியிருப்பினும், தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். மும்பையிலிருந்து விற்றவனும் புதுக்கோட்டைக்கு வந்து மறுமொழி கூற வேண்டும். கொடுத்த விலை 50 இலக்கம் உருபா வரை மாவட்ட ஆணையமே உசாவும். 5 இலக்கம் வரை கட்டணம் இல்லை. வழக்குரைஞர் கட்டாயம் அல்லர். தாமே நின்று வழக்குரைக்கலாம். தீர்ப்பில் குறை காண்பவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆணையை மதியாதவர்க்கு ஒரு திங்கள் முதல் மூவாண்டு வரை சிறையோ, 25,000 உருபா முதல் ஓரிலக்கம் வரை ஒறுப்புத்தொகையோ, இரண்டுமோ உண்டு. முளைக்காத விதையால் இழப்புற்ற உழவரும் நுகர்வோரே என்று 2012இல் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆதலின் வானம் பார்த்த மண்ணில் விதைத்துக் கெட்டவர் தலையிலடித்துக் கொண்டு அமர வேண்டியதில்லை.

ஆனால், இவை அனைத்துக்கும் வேர் ஒரு துண்டுத்தாள். அதுவே விலைச்சீட்டு. சீட்டுத் தர மறுப்பது முறையற்ற வணிகம் எனச் சட்டமே கூறுகிறது. அவ்வாறிருந்தும், "தெரிந்த கடைதானே" என வெறுங்கையோடு திரும்புவோர் எத்துணையர்! கேட்பது இழுக்கு எனக் கருதும் இவ்வியல்பே ஏய்ப்பவனுக்கு முதல். அரசின்மீது குற்றம் சாற்றுமுன் தமிழர் தம் குற்றத்தையும் கடிதல் வேண்டும்.

ஆகவே தமிழர் செய்யத்தக்கவை மூன்று. வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டுக் கேட்க வேண்டும். அதையும் தமிழில் கேட்க வேண்டும். குறை நேர்ந்தால் முறையீட்டைத் தமிழிலேயே எழுத வேண்டும். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இம்மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கியது. ஆணையத்தின் வாயிலில் தமிழ் முறையீட்டோடு நிற்பவர் இரந்து நிற்பவர் அல்லர், உரிமையோடு நிற்பவர். மூன்றாவதாக, தமிழ்நாட்டில் விற்கும் பொதி ஒவ்வொன்றிலும் தமிழைக் கட்டாயமாக்குமாறு விதியைத் திருத்த, ஊர்தோறும் மன்றந்தோறும் குரல் எழுப்ப வேண்டும்.

எழுத்துக் கற்ற தாய் பொதியைத் திருப்பிப் பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தமிழ் தென்படும் நாளே, அச்சட்டம் தமிழ்நாட்டில் உண்மையாக நடைமுறைக்கு வரும் நாள்.