பழைய டீசல் காரும் புதுக் குதிரைகளும்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குச் சுமார் 12 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் 75 குதிரைசக்தி போதாது என்று சொல்ல ஓர் இடம்கூடக் கிடையாது. ஊருக்குள் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து, வெளியே வந்ததும் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து, நடுவில் ஆட்டு மந்தை குறுக்கிட்டால் நின்று, போய்ச் சேர அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அப்படியிருந்தும் நம் பக்கத்துப் பையன்கள் சிலர் பத்துப் பதினைந்து வயதான டீசல் கார்களை வாங்கி, அதில் இன்னும் இருபது, முப்பது குதிரைகளைச் சேர்க்க வேண்டும் என்று பெங்களூருக்கும் கொச்சிக்கும் போய் வருகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டர்போ டீசல் காரின் சக்தியைக் கூட்ட வேண்டாம். கம்பெனி கொடுத்த சக்தி இன்றைக்கு அதில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அதை மீட்டாலே, புது வண்டி எடுத்த மாதிரி இருக்கும்.

இதை எழுதக் காரணம் என் தங்கை மகன். 2011 மாடல் ஸ்விஃப்ட் டீசலை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். 1,60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. "மாமா, வண்டியில புல்லிங்கே இல்ல. ஆரியங்காவு ஏத்தத்துல செகண்டுக்கு வந்துட்டேன். ரீமேப் பண்ணிரலாம்னு பாக்கேன், இருபத்தஞ்சாயிரம் கேக்காங்க" என்றான். "ஏர் ஃபில்டர் எப்பப்பா மாத்துனே?" என்று கேட்டேன். "வாங்குன எடத்துல மாத்தித்தான் குடுத்திருப்பாங்க மாமா" என்றான். அங்கேயே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

ரீமேப் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜினில் காற்றை மட்டுப்படுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். டீசலில் எவ்வளவு டீசல் தெளிக்கிறோமோ அவ்வளவு சக்தி. அந்த அளவை முன்பெல்லாம் பம்ப் தீர்மானித்தது. இப்போது ஒரு சிறு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. எந்தச் சுற்றில், எவ்வளவு காற்று வந்தால், எத்தனை மில்லிகிராம் டீசல் என்று ஒரு பெரிய வாய்ப்பாடு அதற்குள் இருக்கிறது. அந்த வாய்ப்பாட்டைத் திருத்தி எழுதுவதுதான் ரீமேப். டீசலைக் கூட்டுவார்கள், டர்போ அமுக்கும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள்.

சங்கதி புதிதில்லை. ஆளும் ஆயுதமும்தான் மாறியிருக்கின்றன. அந்தக் காலத்து அம்பாசிடர் டீசலில் 1489 சி.சி. இன்ஜின், நாற்பது குதிரைகூடத் தேறாது. அதில்தான் ஏழு பேர் ஏறி, மேலே கேரியரில் அண்டா குண்டானோடு, செங்கோட்டை வழியாக சபரிமலைக்குப் போய் வந்தோம். இழுக்கவில்லை என்றால் டீசல் பம்ப் பட்டறைக்காரர் சீலை உடைத்து ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பி விடுவார். வண்டி பாயும், பின்னால் வருகிறவன் முகம் கறுக்கும். அன்றைக்கு ஸ்குரூ டிரைவர், இன்றைக்கு லேப்டாப்.

இந்த ஸ்விஃப்ட் இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சாலைகளில் ஓடும் பழைய டீசல் கார்களில் ஏகப்பட்டதன் வயிற்றுக்குள் இருப்பது இதுதான். அடிப்படையில் இத்தாலிய ஃபியட் கம்பெனியின் இன்ஜின். காமன் ரெயில் என்னும் முறையோடு முதன்முதலில் விற்பனைக்கு வந்த காரும் அவர்கள் குழுமத்தினுடையதுதான், 1997-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ 156. 2003-இல் 1248 சி.சி.யில் இந்தச் சின்ன இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். 2007 ஜனவரியில் மாருதி ஸ்விஃப்டில் நம் நாட்டுக்கு வந்தது. அப்புறம் டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லினியா என்று ஊரில் பாதி வண்டிகளில் அதே இன்ஜின். தேசிய இன்ஜின் என்றே கேலியாகப் பெயர் வைத்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதனால்தான் பழைய வண்டிக்கு இன்றும் இத்தனை மவுசு.

ஸ்விஃப்டில் இது 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர் டார்க். இதே இன்ஜினை 90 குதிரையாகவும் எஸ்.எக்ஸ்.4, எர்டிகா வண்டிகளில் கொடுத்தார்கள். கம்பெனிக்காரன் அந்தப் பதினைந்து குதிரையை எப்படிக் கூட்டினான்? வாய்ப்பாட்டை மட்டும் மாற்றி முடித்துவிடவில்லை. டர்போவையே மாற்றினான். சுற்றுக்குத் தகுந்தபடி இறக்கைகள் திரும்பிக்கொள்ளும் வேறு வகை டர்போவைப் போட்டான். அவ்வளவு செய்தும் டார்க்கை 200-ல் நிறுத்திக்கொண்டான். இன்ஜினைப் பெற்றவன் பத்து கூட்டத் தயங்கிய இடத்தில், லேப்டாப்பும் ஒரு வயரும் கொண்டுவருகிறவர் நாற்பது, ஐம்பது கூட்டித் தருகிறேன் என்கிறார். கிளட்ச் பிளேட்டும் கியர் பாக்ஸும் யார் கணக்கில் தேயும்?

நான் முப்பது வருடத்துக்கு மேல் நூல் மில் மெயின்டெனன்ஸில் இருந்தவன். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் டர்போ டீசலின் குணம் எனக்குத் தெரியும். 2008-க்குப் பிறகு நாலைந்து வருடம் மின்வெட்டில் மில்கள் பட்ட பாடு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டரை நம்பித்தான் ஷிப்ட் ஓடியது. நான் இருந்த ஒரு மில்லில் 320 கே.வி.ஏ. செட் ஒன்று. ரிங் ஃப்ரேம் இரண்டை அதிகமாக ஓட்ட வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை. நாங்கள் வேண்டாம் என்றோம். வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து பம்ப்பில் டீசல் அளவை ஏற்றினார்கள். ஓடத்தான் செய்தது. இரவு ஷிப்டில் போய்ப் பார்த்தால் டர்போவுக்குப் போகும் எக்ஸாஸ்ட் குழாய், விளக்கு இல்லாமலே தெரியும்படி சிவந்து கிடக்கும். மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலை விசில் மாதிரிச் சத்தம், அப்புறம் நீலப்புகை, அப்புறம் அமைதி. டர்பைன் சக்கரத்தின் இலைகள் போய்விட்டன. கூடுதலாக ஓட்டிய இரண்டு ஃப்ரேமுக்காக மொத்த ஃப்ரேமும் ஐந்து நாள் நின்றது.

காரில் இருக்கும் டர்போ அதைவிடச் சின்னது, அதைவிட வேகமாகச் சுற்றுவது. நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரைகூடப் போகும். அந்தச் சுழல்தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. கூடுதல் டீசல் என்றால் கூடுதல் வெப்பம், கூடுதல் அழுத்தம் என்றால் கூடுதல் சுற்று. புது வண்டி ஓரளவு தாங்கும். கடுமையான வெயில், மட்டமான டீசல், மலையேற்றம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கம்பெனி கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்திருக்கும். நல்ல ஆள் செய்த மிதமான ரீமேப்பினால் மறுநாளே இன்ஜின் வெடித்துவிடாது, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் அந்த மிச்ச இடத்தை வயது ஏற்கெனவே தின்றிருக்கும்.

அடுத்தது புகை. இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. கரும்புகை கக்கினால்தான் பவர் என்று ஒரு எண்ணம் பையன்களிடம் இருக்கிறது. காற்று போதாமல் சரியாக எரியாத டீசல்தான் அந்தக் கறுப்பு. பங்கில் காசு கொடுத்து வாங்கியதைச் சாலையில் ஊதிவிட்டுப் பெருமைப்படுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-இல் அறிவித்துவிட்டது. புரட்டாசி சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் நம் வயதுக்காரர்கள், இடுப்பில் பேரப்பிள்ளையோடு. ரோட்டோரத்தில் நடக்கும் அவர்கள் மூக்குக்கு நேரேதான் காரின் சைலன்சர் இருக்கிறது.

புகைச் சோதனைக்கு நம் நாட்டில் அளவு உண்டு. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து விட்டுப் பார்க்கும்போது பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ்.4 வண்டிக்கு 50. வண்டியைக் கொண்டு போகாமலே சர்டிபிகேட் வாங்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கும்வரை அந்த எண்ணுக்கு என்ன மரியாதை? மென்பொருளைத் தொட்டால் புகை எப்படி மாறும் என்பதை 2015-இல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியே உலகத்துக்குக் காட்டியது. சோதனையில் நல்ல பிள்ளையாகவும் சாலையில் வேறு மாதிரியாகவும் நடக்கும்படி எழுதி வைத்திருந்தார்கள். நம் நாட்டில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறைகூட உண்டு. ஜெர்மனியில் இப்படி மாற்றினால் அதற்கென்று இருக்கும் அமைப்பிடம் வண்டியைக் காட்டிச் சோதித்து, காகிதத்தில் பதிந்துகொள்ளலாம். இங்கே அப்படி ஒரு வழியைத் திறந்துவிட்டு அப்புறம் அபராதம் போட்டால் நியாயமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இன்றைய நிலைமையில், விபத்து என்று வந்து, இன்ஷூரன்ஸ் சர்வேயர் மாற்றத்தைக் கண்டுபிடித்தால், பணம் வராமல் போகக்கூடும். அந்த இருபது குதிரைக்கு அது பெரிய விலை.

சரி, மருமகன் வண்டிக்கு என்ன ஆயிற்று? எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண்ணும் பஞ்சும் கொட்டியது (நம் ஊர்க் காற்றில் பஞ்சு இல்லாமல் இருக்குமா!). டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் கிளாம்ப் ஓரமாக ஒரு விரிசல். டர்போ கஷ்டப்பட்டு அமுக்கிய காற்று பாதி வழியிலேயே வெளியே போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் காற்று வந்துவிட்டது என்று நினைத்து டீசலை ஊற்றிக்கொண்டிருந்தது. புல்லிங் இல்லாததற்கும் புகைக்கும் அதுதான் காரணம். காற்றை அளக்கும் சென்சாரில் எண்ணெய்ப் படலம். இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றினால் உள்ளே தார் ரோடு போட்ட மாதிரி கரி.

இந்த இ.ஜி.ஆர். வால்வை நம் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். இன்ஜினிலிருந்து வரும் புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு என்ற விஷவாயு அதிகம் உண்டாகாமல் பார்ப்பது அதன் வேலை. அடைத்தால் இன்ஜின் சுத்தமாக இருக்கும், ஊர்க் காற்று கெடும். நாங்கள் கழுவித்தான் மாட்டச் சொன்னோம். மெக்கானிக்கிற்கு அதில் சந்தோஷம் இல்லை, அரை நாள் வேலை. டீசல் ஃபில்டரும் மாற்றி, இன்ஜெக்டரைச் சோதித்து, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் சொச்சம் ஆனது. அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் ஐந்து பேரோடு போய் வந்தான். "மூணுலயே ஏறிருச்சு மாமா" என்றான். இந்த இன்ஜின் 2,000 சுற்றுக்குக் கீழே தூங்கும், அது அதன் பிறவிக் குணம். கியரைக் குறைத்து எழுப்பத்தான் வேண்டும். அதையும் சொல்லிக் கொடுத்தேன்.

மிச்சப் பணத்துக்கு டயரும் பிரேக்கும் பார்க்கச் சொன்னேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2316 என்றால் 2016-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். அவன் வண்டியில் பூ நன்றாகத்தான் இருந்தது, பார்த்தால் புதுசு மாதிரி, எண்ணைப் படித்தால் அதே 2316. பிரேக் ஆயில் கறுத்துக் கிடந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும். ஆரியங்காவு இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், அதிகச் செலவில்லை.

இன்னும் ஒன்று, காசே இல்லாதது. மலை ஏறி முடித்ததும் டீக்கடை ஓரமாக நிறுத்தி உடனே சாவியைத் திருப்பாதீர்கள். டர்போ அப்போதும் பழுக்கக் காய்ந்திருக்கும். இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நின்று, தண்டின் மேல் இருக்கும் ஆயில் அங்கேயே கருகும். ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும். அதற்குள் யாராவது இறங்கி டீ சொல்லிவிடலாம்.